டிவிடியில் இடம் போதவில்லை என்கிறது, எந்த ஃபார்மட் வைப்பது? (அவசரம்)

தட்டோன் தம்பி
வணக்கம். எங்கள் கோயில் திருவிழா வீடியோவை டிவிடியாகப் போட வேண்டும். எடிட் முடிந்தது. எக்ஸ்போர்ட் செய்தால் ஃபைல் பெரிதாக வருகிறது, டிவிடியில் ஏறவில்லை. சின்னதாக்கினால் தீமிதி காட்சி முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெரியவர்கள் கையில் கொடுக்க வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

பெகு அண்ணன்
தம்பி, எத்தனை மணி நேரப் படம்? எந்த சாஃப்ட்வேர்? எக்ஸ்போர்ட்டில் என்ன வைத்தீர்கள்? இது தெரியாமல் என்ன சொல்வது?

மோல்மேன் ஸ்டூடியோ
டிஸ்க்கைப் பாருங்கள். மலிவு டிஸ்க்கில் எனக்குப் பாதி வீணாகியிருக்கிறது. நல்ல டிஸ்க் வாங்கி, 4 எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள்.

பெகு அண்ணன்
அண்ணே, அவர் இன்னும் எழுதவே ஆரம்பிக்கவில்லை. இடம் போதவில்லை என்கிறார்.

சென்னை எடிட்டிங்
என்டிஎஸ்சி (NTSC) டிவி முறையில் வைத்திருப்பீர்கள். இந்தியாவில் உள்ள பால் (PAL) டிவி முறைக்கு மாற்றுங்கள், 720×576, 25 ஃபிரேம். எல்லாம் சரியாகிவிடும்.

ரங்கூன் பழைய கை
டேப் காலத்திலிருந்து இந்த வேலை செய்கிறேன். ஃபைல் சைஸை முடிவு செய்வது ஃபார்மட்டின் பெயர் இல்லை, பிட்ரேட்டும் (விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்பது) நேரமும்தான். எடிட்டிங்கில் உட்காருவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அப்புறம், பர்மாவில் 1980-இல் டிவி வந்ததிலிருந்தே என்டிஎஸ்சிதான். வெளியூரில் இருப்பவர் அதை மாற்றச் சொல்ல வேண்டாம்.

தட்டோன் தம்பி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2 மணி 40 நிமிடம். சாஃப்ட்வேர் பிரீமியர். எம்பெக்-2 டிவிடி என்று இருந்ததை எடுத்தேன், பிட்ரேட் 8. எம்2வி ஒன்று, வேவ் ஒன்று என இரண்டு ஃபைல் வருகிறது. எம்2வியைப் போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை, அது வேறு பயமாக இருக்கிறது. கேமரா மாமா சென்னையிலிருந்து கொண்டுவந்தது.

பெகு அண்ணன்
இப்போது புரிகிறது. சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். எம்2வியில் படம் மட்டும்தான், சத்தம் வேவில் இருக்கிறது. ஆத்தரிங் புரோகிராமில் (டிவிடியாகக் கட்டித் தரும் சாஃப்ட்வேர்) இரண்டையும் சேர்த்து இழுத்துப் போடுங்கள்.

இனி கணக்கு. ஒற்றை லேயர் டிவிடி 4.7 ஜிபி, கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும். 2 மணி 40 நிமிடம் என்றால் 9,600 விநாடி. 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 8 மெகாபிட்) வைத்தால் படம் மட்டுமே 9.6 ஜிபி, இரண்டு டிஸ்க் அளவு. வேவ் சத்தம் தனியாக 1.8 ஜிபிக்கு மேல். அதையே ஏசி3 என்ற சுருக்கிய சத்த ஃபார்மட்டில், பிட்ரேட் 192 கேபிபிஎஸ் வைத்தால் சுமார் 230 எம்பிதான். முதலில் அதை மாற்றுங்கள்.

எல்லாம் ஒரே டிஸ்க்கில் வர வேண்டுமென்றால் படத்துக்கு 3.5 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். பூசை, அபிஷேகம் எல்லாம் அதில் நன்றாகவே இருக்கும். தீமிதி தாங்காது. இருட்டு, புகை, பறக்கிற தீப்பொறி, ஓடுகிற கால், பின்னால் அசைகிற கூட்டம்: ஒவ்வொரு ஃபிரேமும் மாறிக்கொண்டே இருக்கும். உங்களுக்குக் கட்டம் கட்டமாக உடைந்தது அதனால்தான். இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். ஒன்றுக்கு 80 நிமிடம், பிட்ரேட் 7 தாராளமாக வைக்கலாம். காவடி ஊர்வலம் ஒன்றில், தீமிதி மற்றதில்.

மோல்மேன் ஸ்டூடியோ
8.5 ஜிபி டபுள் லேயர் டிஸ்க் ஒன்று போட்டால் போதுமே?

பெகு அண்ணன்
பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது அண்ணே. பெரியவர்கள் வீட்டில் இருப்பதெல்லாம் பழையதுதான்.

சென்னை எடிட்டிங்
கேமரா சென்னையில் வாங்கியது என்கிறார். அப்படியானால் பால் முறையில் 50ஐ, அதாவது விநாடிக்கு 25 ஃபிரேம்தான் எடுத்திருக்கும். அதை என்டிஎஸ்சியின் 29.97 ஃபிரேமுக்கு இழுத்தால் ஊர்வலம் நகரும்போது படம் வெட்டி வெட்டிப் போகும். நான் பால் என்று சொன்னதில் தப்பில்லை.

ரங்கூன் பழைய கை
ஃபைல் பெரிதாவதற்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்? அதைத்தான் கேட்டேன். இந்த ஊர் டிவியில் பால் டிஸ்க் கறுப்பு வெள்ளையாக ஓடியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சென்னை எடிட்டிங்
அது பழைய ட்யூப் டிவி ஐயா. இப்போதைய சீனத் தயாரிப்பு பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும், தானே மாற்றியும் கொடுக்கும்.

ரங்கூன் பழைய கை
கோயில் பெரியவர்கள் வீட்டில் என்ன டிவி இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். அந்த டிவிகளுக்கு டிஸ்க் போட்டுக் கொடுத்தவன் நான்.

பெகு அண்ணன்
இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தம்பி, அஞ்சு நிமிடத்தை மட்டும் பாலில் ஒரு டிஸ்க் போட்டு, அவர்களில் ஒருவர் வீட்டில் ஓட்டிப் பாருங்கள். நிறமும் வந்து, நடையும் சீராக இருந்தால் அப்படியே எல்லாம் போடுங்கள். இன்னொன்று, ஐஎஸ்ஓவாக (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக) பென்டிரைவில் கொண்டுபோவதாக இருந்தால் அந்த பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆனதா என்று பாருங்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

தட்டோன் தம்பி
இரண்டாகப் பிரித்துவிட்டேன். தீமிதி டிஸ்க் நன்றாக வந்திருக்கிறது, தீப்பொறி தெளிவாகத் தெரிகிறது. பாட்டி இரண்டு தடவை பார்த்தார். காவடி டிஸ்க் எழுதும்போது கரண்ட் போய்விட்டது, இரவு திரும்ப எழுத வேண்டும். எல்லோருக்கும் நன்றி, அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

சென்னை எடிட்டிங்
மகிழ்ச்சி தம்பி. பாலில் போட்டீர்களா, என்டிஎஸ்சியிலா?

ரங்கூன் பழைய கை
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். எந்த டிவியில் பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.