சொல் தேவை: பச்சை அட்டைக்காரருக்கு ‘நிரந்தரக் குடியுரிமை’ வேண்டாம்

வணக்கம்.

அமெரிக்கக் குடிவரவுச் சொற்பட்டியலில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ‘லாஃபுல் பெர்மனென்ட் ரெசிடென்ட்’டை (கிரீன் கார்டு, அதாவது பச்சை அட்டை வைத்திருப்பவரை) இந்த வாரம் முடித்துவிடலாமா? செய்திகளிலும் யூடியூபிலும் இதை ‘நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்’ என்றே எழுதுகிறார்கள். அதை ஒழிக்க வேண்டும் என்பது என் கட்சி. குடியுரிமை என்றால் சிட்டிசன்ஷிப். பச்சை அட்டை வைத்திருப்பவரிடம் இல்லாதது அதுதான்.

இது வெறும் சொல் சுத்தம் பார்க்கிற வேலை இல்லை. வேலையில் சேரும்போது, வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவம் நீட்டுவார்கள். அதில் நான்கு கட்டங்கள். முதல் கட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு. பச்சை அட்டைக்காரர் குறிக்க வேண்டியது மூன்றாவது. ‘நமக்குத்தான் குடியுரிமை வந்துவிட்டதே’ என்று முதல் கட்டத்தில் டிக் போட்டால், குடிமகன் என்று பொய் சொன்னதாகிவிடும். 1996-இல் வந்த சட்டப்படி அது நாடுகடத்தும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம். மன்னிப்புக்கு வழியும் மிகக் குறைவு. ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் ‘வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா’ என்று கேட்பார்கள். அதுவும் குடிமக்களுக்கு உரியது என்பதால் அங்கேயும் இதே கண்ணிதான்.

என் முன்மொழிவு: நிரந்தர வசிப்பாளர், நிரந்தர வசிப்புரிமை.

— ச.மு.

*

ச.மு. ஐயாவுக்கு,

குடியுரிமையைத் தூக்கியது சரி. ‘வசிப்பாளர்’ எனக்கு ஒட்டவில்லை. ஈழத்தமிழர் புழக்கத்தில் ‘நிரந்தர வதிவிட உரிமை’ என்பது ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். வதிதல் நல்ல பழந்தமிழ் வினை. வதிவு, வதிவாளர் என்று எடுத்தால் நீளமும் குறையும்.

— இ.த.

*

எல்லோருக்கும் வணக்கம்.

வதிவுக்கு என் ஓட்டு. (இந்த ஓட்டுக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்!) எனக்கு உறுத்துவது ‘நிரந்தரம்’. படிவம் நிரப்ப உதவி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரைக் குழப்புவது அந்தச் சொல்தான். ஒருமுறை வாங்கிவிட்டால் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் இருக்கும் வரையறையோ, அந்தத் தகுதி ‘மாறாமல் இருக்கும்வரை’ என்று முடிகிறது. முடிவு நாள் குறிக்கப்படவில்லை என்பதுதான் அதில் உள்ள நிரந்தரம். தொலையவே தொலையாது என்று எங்கேயும் சொல்லவில்லை.

குடிமகனோ குடிமகளோ ஆன பிள்ளைகள் 21 வயதுக்குப் பிறகு பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. பெற்றோருக்கோ அங்கே பொழுது போவதில்லை, ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ‘ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டினால் போதும், கார்டு பத்திரம்’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த ஆறு மாதக் கணக்கு வேறு இடத்தைச் சேர்ந்தது. 180 நாளுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் திரும்பும்போது புதிதாக நுழைய வருபவரைப் போல விசாரிக்கலாம். ஆறு மாதம் தாண்டினால், பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது தொடர்வசிப்பு அறுந்ததாகக் கருத இடமுண்டு. ஓராண்டு தாண்டினால் அட்டையைக் காட்டி மட்டும் நுழைய முடியாது. அதற்குத்தான் கிளம்பும் முன்பே, அமெரிக்காவில் இருக்கும்போதே, மீள்நுழைவு அனுமதிக்கு விண்ணப்பிப்பது. அது அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும்.

வதிவைக் கைவிட்டாரா இல்லையா என்பது நாள் எண்ணி முடிவாவதில்லை. வீடு எங்கே, வேலை எங்கே, வரி எப்படிக் கட்டினார், போன பயணம் தற்காலிகமானதா என்று பார்க்கிறார்கள். 1975-இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்த்த கேன் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். பச்சை அட்டைக்காரரான கேன் அம்மையார் ஜமைக்காவில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு மாதம் போல அமெரிக்கா வந்துபோனார். ஓராண்டு வரம்பை அவர் தாண்டவில்லை. ஆனாலும் தகுதி போயிற்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. விமான நிலையத்தில் ஐ-407 என்ற தாளை முன்னால் வைத்து ‘கையெழுத்துப் போடுங்கள்’ என்றால், பயந்துபோய்ப் போட்டுவிடுகிறார்கள் பெரியவர்கள். தகுதியைத் தானாக விட்டுக்கொடுப்பவருக்கான படிவம் அது. மறுத்தால், குடிவரவு நீதிபதி முன்னால் விசாரணை கேட்கும் உரிமை இருக்கிறது. கவுண்ட்டரில் இருக்கும் அதிகாரி அந்த இடத்திலேயே தகுதியைப் பறித்துவிட முடியாது.

ஆகவே ‘நிரந்தர’த்தை விட்டுவிட்டு நிலைவதிவு என்று வைக்கலாம். நிலைத்து வதிதல், வதிந்தால்தான் நிலைக்கும் என்ற தொனியும் உள்ளே இருக்கிறது. ஆள், நிலைவதிவாளர்.

— ரா.

*

நண்பர்களே, ஊர் முழுக்கக் கிரீன் கார்டு என்கிறது. ‘நிலைவதிவாளர்’ என்றால் யாருக்குப் புரியும்? இத்தனைக்கும் பல காலம் அந்த அட்டை பச்சையாகக்கூட இல்லை, 2010-இல்தான் மறுபடி பச்சையாக்கினார்கள். அப்போதும் பெயர் மாறவில்லை. விட்டுவிடுங்களேன்.

— கோ.

*

கோ.,

பேச்சில் கிரீன் கார்டு இருக்கட்டும், யார் தடுத்தார்கள்? ஆனால் அட்டை வேறு, தகுதி வேறு. 10 ஆண்டு அட்டை காலாவதியானால் தகுதி காலாவதியாவதில்லை. ஐ-90 போட்டுப் புது அட்டை வாங்க வேண்டும், அவ்வளவுதான். திருமணமாகி 2 ஆண்டு நிறையும் முன் துணைவர் வழியாகத் தகுதி பெறுகிறவருக்கு வருவது நிபந்தனையோடு கூடிய 2 ஆண்டு அட்டை. அதன் கடைசி 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போடாவிட்டால் தகுதியே போய்விடும். இரண்டையும் ‘கார்டு எக்ஸ்பயர்’ என்ற ஒரே பேச்சில் சொல்லிவிட்டு, முதல் ஆள் வீணாகப் பயப்படுகிறார், இரண்டாம் ஆள் வீணாகத் தைரியமாக இருக்கிறார். தகுதிக்கென்று தனிச் சொல் இல்லாமல் இதை எப்படி விளக்குவது?

— ரா.

*

நல்லது. வசிப்பாளரை நான் விட்டுக்கொடுக்கிறேன், ஐ-407 இல்லாமலே. ‘நிலை’ என்பது ஸ்டேட்டசுக்கும் வரும் என்பதால் ‘நிலைவதிவு நிலை’ என்று யாரும் எழுதிவைக்காமல் இருக்க, ஸ்டேட்டசுக்குத் ‘தகுதி’ என்றே போடுவோம். பட்டியலில் சேர்ப்பவை: நிலைவதிவாளர், நிலைவதிவுத் தகுதி, நிபந்தனை நிலைவதிவு, வதிவு கைவிடல், மீள்நுழைவு அனுமதி. ‘லாஃபுல்’ தேவைப்படும் இடத்தில் ‘சட்டமுறை’ முன்னால் வரட்டும். அது அலங்காரத்துக்கு இல்லை. தகுதியில்லாமல் தவறுதலாக அட்டை கிடைத்திருந்தால் பின்னால் குடியுரிமை மனு அதிலேயே தடுக்கி விழும்.

அடுத்தது ‘பிரையாரிட்டி டேட்’. ‘முன்னுரிமைத் தேதி’ என்று பழைய பட்டியலில் இருக்கிறது. ஆண்டு ஒதுக்கீட்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பில் சிக்கி, வேலைவழிப் பிரிவில் ஆண்டுக்கணக்கில் நிற்கிற இந்தியரிடம் போய் உங்களுக்கு முன்னுரிமை என்றால் அடிக்க வருவார். வரிசையில் நம் இடத்தைக் குறிக்கும் தேதிதானே அது? ‘வரிசைத் தேதி’ என்று மாற்றலாமா, இ.த.?

— ச.மு.

*

தாராளமாக. ‘வரிசை நாள்’ என்றால் இன்னும் சுருங்கும். இரண்டையும் போட்டு வையுங்கள்.

— இ.த.