பாங் ஆட்டத்தில் டி.கியூ.என் -21-ஐ விட்டு நகரவில்லை

கேள்வி:
டீப்மைண்ட் 2015-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட டி.கியூ.என் முறையை (திரையைப் பார்த்து ஆடக் கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்) பைடார்ச் என்ற பைத்தான் நூலகத்தில் எழுதி, அட்டாரியின் பந்தடி ஆட்டமான பாங்கில் ஓட்டுகிறேன். ரீப்ளே பஃபர் (பழைய ஆட்டப் பதிவுகளின் சேமிப்பு) 10 லட்சம் பதிவு என்றால், 32 ஜிபி ரேம் இருந்தும் 1,30,000 ஸ்டெப் (ஆடும் ஏஜெண்டின் ஒவ்வொரு முடிவும் ஒரு ஸ்டெப்) வாக்கில் புரோகிராம் செத்துவிடுகிறது. 1 லட்சமாகக் குறைத்தால் ஓடுகிறது. ஆனால் 30 லட்சம் ஸ்டெப் தாண்டியும் ஸ்கோர் -21, -20 தான் (-21 என்றால் படுதோல்வி). லாஸ் (கணிப்பின் பிழை அளவு) மட்டும் அழகாக இறங்குகிறது. எந்தத் திரையைக் கொடுத்தாலும் கியூ மதிப்பு (ஒரு செயலால் இனி கிடைக்கும் புள்ளிகளின் கணிப்பு) கிட்டத்தட்ட ஒரே எண். லாஸ் நானே எழுதியது: கியூவிலிருந்து, அது எட்ட வேண்டிய மதிப்பான டார்கெட்டைக் கழித்து, வர்க்கத்தின் சராசரி.

பதில் 1:
ரேம் கணக்கு எளிது. 84×84 படம் 7,056 பிக்சல். நான்கு படங்களை அடுக்கி, 32-பிட் ஃப்ளோட்டாக, இந்த நிலை, அடுத்த நிலை என இரண்டையும் சேமித்தால் ஒரு பதிவுக்கு 2,25,792 பைட். 10 லட்சத்துக்கு 225 ஜிபி. ஒவ்வொரு படத்தையும் ஒரே ஒருமுறை, 8-பிட் முழு எண்ணாக வையுங்கள். 7 ஜிபி போதும். அடுக்குவதும் 255-ஆல் வகுப்பதும் பேட்ச் (ஒரு தடவை பயிற்சிக்கான பதிவுத் தொகுதி) எடுக்கும்போது. அடுக்கும்போது முந்தைய ஆட்டத்தின் படங்கள் ஒட்டிக்கொண்டு வரும். ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய இடங்களைப் பூஜ்ஜியமாக்குங்கள். பஃபர் சுற்றி வந்து எழுதும் இடத்தையொட்டிய பதிவுகளையும் எடுக்காதீர்கள்.

பதில் 2:
ஸ்கோர் நகராததற்கு பஃபர் காரணமில்லை. கியூவின் வடிவம் (32, 1), டார்கெட்டின் வடிவம் (32) என்று இருக்கிறதா பாருங்கள். கழித்தால் 32×32 அணி வரும், பைடார்ச் வாயே திறக்காது. ஒவ்வொரு கியூவும் பேட்சின் எல்லா டார்கெட்டுகளோடும் ஒப்பிடப்பட்டு, அவற்றின் சராசரிக்கே இழுக்கப்படும். லாஸ் இறங்குவதும், எல்லாத் திரைக்கும் ஒரே எண் வருவதும் அதனால்தான். கியூ வடிவத்தின் ஓரத்தில் உள்ள அந்த 1 என்ற பரிமாணத்தை நீக்குங்கள். லாஸைக் கையால் எழுதாமல் பைடார்ச்சில் தயாராக உள்ள ஹ்யூபர் லாஸைப் பயன்படுத்தியிருந்தால் எச்சரிக்கையாவது வந்திருக்கும். ஆட்டம் முடிந்த பதிவுகளின் டார்கெட்டில் காமா (எதிர்காலப் புள்ளிகளின் மதிப்பைக் குறைக்கும் எண்) பெருக்கிய பகுதி பூஜ்ஜியமாகிறதா என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்:
அச்சிட்டுப் பார்த்தேன், 32×32 தான்! திருத்திவிட்டேன். இனி ஆய்வுத்தாளின் எண்ணோடு நேராக ஒப்பிடலாமா?

பதில் 3:
அவசரப்படாதீர்கள். தாளில் 5 கோடி ஃப்ரேம் என்றிருப்பது ஏஜெண்டின் ஸ்டெப் கணக்கு. கூடவே 38 நாள் ஆட்டம் என்கிறார்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் வைத்துப் பெருக்கினால் எமுலேட்டர் (அட்டாரியைப் போலச் செய்யும் மென்பொருள்) ஃப்ரேம் 20 கோடியை ஒட்டி வரும், அதாவது ஒரு ஸ்டெப்புக்கு 4 ஃப்ரேம். டார்கெட்டைக் கணிக்கும் தனி நகலான டார்கெட் நெட்வொர்க்கை 10,000-க்கு ஒருமுறை புதுப்பிப்பதும் ஸ்டெப் கணக்கில்லை, அப்டேட் (நெட்வொர்க்கின் எடைகளைத் திருத்தும் தடவை) கணக்கு. 4 ஸ்டெப்புக்கு ஓர் அப்டேட் என்பதால் அது 40,000 ஸ்டெப்.

ஆட்டச் சூழல்களைத் தரும் ஜிம்னேசியம் நூலகத்தின் வி5 பதிப்புப் பாங்கில் ஃப்ரேம் ஸ்கிப் (ஒரே செயலை நீட்டிக்கும் ஃப்ரேம் எண்ணிக்கை) ஏற்கெனவே 4. சூழலைச் சுற்றி நீங்கள் எழுதிய ரேப்பரும் நான்கு நான்காகத் தாவினால் 16 ஆகிவிடும், பந்து கண்ணில் படாமலே போகும். சூழலில் 1 என வையுங்கள். வி5-இல் 0.25 நிகழ்தகவில் முந்தைய செயலே திரும்ப நடக்கும். 2015 தாளில் அது கிடையாது. அதை 0 ஆக்காமல் ஒப்பிட்டால் அது வேறு ஆட்டம். தாளின் சோதனை எப்சிலான் (தற்செயலாக ஒரு செயலைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவு) 0.05. சீட் (தற்செயல் எண்களின் தொடக்க எண்) ஒன்றே ஒன்றை ஓட்டி எண் சொல்லாதீர்கள். குறைந்தது 5 சீட், ஒவ்வொன்றின் வளைகோட்டையும் தனித்தனியே போடுங்கள்.