பங்க், நாய்ஸ் மாதிரி காதைப் பிளக்கும் இசைக் கச்சேரிக்குப் போகிற தமிழர்கள் இங்கே யாராவது உண்டா?

ஈசூன்_வாசி:
வயது 39, சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, இரண்டு பிள்ளைகள். ராஜாவும் ரகுமானும் தவிர வேறெதையும் பெரிதாகக் கேட்டு வளராதவன். போன மாதம் கூட வேலை பார்க்கும் மலாய்ப் பையன் ஒருவன், ஒரு சின்ன ஜாம்மிங் ஸ்டூடியோவில் நடந்த கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனான். மூன்றே பேர், பேஸ் கிட்டார்கூட இல்லை, ஒரு பாட்டு முக்கால் நிமிடம்தான், கைதட்டலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்தது ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் கால் மணி நேரம் எப்போது நழுவலாம் என்றுதான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என்ன ஆனதென்று தெரியவில்லை, கடைசி ரயிலையும் விட்டுவிட்டு டாக்சியில் வீடு வந்தேன்.

ஆனால் வீட்டில் போனில் போட்டுக் கேட்டால் அந்த உணர்வு வரவே மாட்டேன் என்கிறது. மனைவி, "மேல் வீட்டில் ரெனவேஷனா?" என்கிறாள். எங்கிருந்து தொடங்குவது? இந்த வயதில் போய் நின்றால் பையன்கள் சிரிப்பார்களா?

பழைய_கேசட்:
சிரிக்க மாட்டார்கள் தம்பி, எனக்கு 51. பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற வழுக்கைத் தலைகள் எல்லாம் எங்கள் செட்டுதான்.

நீங்கள் பார்த்தது கிரைண்ட்கோர் மாதிரி இருக்கிறது, பங்க்கும் மெட்டலும் கலந்த அதிவேகக் கத்தல். அப்படியென்றால் வோர்ம்ரோட்டில் தொடங்குங்கள். 2007இல் நம் ஊரில் ஆரம்பித்த குழு, அவர்களிடமும் பேஸ் கிடையாது. 2011இல் வந்த 'டர்ஜ்' ஆல்பத்தில் 25 பாட்டு, மொத்தமே 18 நிமிடம் போல, ரயிலில் ஈசூனிலிருந்து பிராடல் போவதற்குள் முழுதும் கேட்டு முடித்துவிடலாம். 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசைவிழா வரை போய் வாசித்தார்கள், நம் பேப்பர் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? மலாயில் பாடும் பங்க் வேண்டுமென்றால் 'சியால்'. மலாயில் அது வசைச்சொல், பெயரை மட்டும் பிள்ளைகள் முன்னால் சத்தமாகச் சொல்லாதீர்கள்.

தமிழர் யார் என்று கேட்டீர்கள். 1992இல் தொடங்கிய 'ருத்ரா'வில் பாடுகிற கதிர் நம்மவர்தான். உபநிடத வரிகளை வைத்து, உறுமல் குரலில் பாடும் டெத் மெட்டல். பங்க் இல்லை, ஆனால் அந்தக் காலத்தில் அந்தக் கோடெல்லாம் யார் பார்த்தார்கள்.

நாங்கள் என்எஸ் (தேசிய சேவை) போவதற்கு முன் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் தோட்டம்தான் எல்லாமே. நாடகக்காரர் குவோ பாவ் குன் 1990இல் திறந்த கலை மையம். பழைய துணைமின் நிலையம், பொருத்தமாகத்தான் இருந்தது! நடுவில் ஒருவரை ஒருவர் மோதி ஆடும் ஸ்லாம் டான்ஸுக்குத் தடை வந்த காலமும் அதுதான். மைக்கில் ஒருவர் "தள்ளாதீர்கள்" என்று கெஞ்சுவார், நாங்கள் கையை பேன்ட் பையில் விட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவோம். 2021இல் அந்தக் கட்டடமும் கைவிட்டுப் போனது.

கோப்பி_கொசோங்:
எனக்கு ஒன்று புரியவில்லை. வார்த்தையே விளங்காத கத்தலை எப்படிப் பாட்டு என்கிறீர்கள்? காசு கொடுத்துக் காதைக் கெடுத்துக்கொள்வதா?

உறுமி_அக்கா:
கொசோங், உறுமி மேளம் கேட்டிருக்கிறீர்கள்தானே. வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்க்கும்போது ஒரு முனகல் வருமே, அதில் சுருதி எது, ராகம் எது? ஆனாலும் காவடி எடுப்பவருக்குக் கால் தானாக நகரும். கிட்டாரை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தால் அதிலிருந்து வரும் சத்தமே திரும்பக் கம்பியை அதிரவைத்து, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், இப்படியே சுற்றிச் சுற்றி ஊளையிடும். ஃபீட்பேக் என்பது இதுதான். முதன்முதலில் கேட்டபோது எனக்கு உறுமி ஞாபகம்தான் வந்தது. போனில் உறுமி கேட்டாலும் சப்பென்றுதான் இருக்கும், ஈசூன் தம்பி. அது நெஞ்சாங்கூட்டில் வந்து இடிக்க வேண்டிய சத்தம்.

தடையைப் பற்றி அண்ணன் சொன்னதும் இதுவும் தோன்றியது: தைப்பூச ஊர்வலத்தில் 1973இலிருந்து வாத்தியத்துக்குத் தடை, 2016இல்தான் மூன்று இடங்களில் மட்டும் விட்டார்கள். சத்தத்துக்காகக் காத்திருப்பது நமக்குப் புதிதில்லை.

எக்ஸ்பெரிமென்டல், அதாவது சோதனை முயற்சி இசைப் பக்கம் வர வேண்டுமென்றால் 'தி அப்சர்வேட்டரி' குழு. 2004இல் முதல் ஆல்பம் மெத்தென்று இருக்கும், 2015இல் வந்த 'கன்டினியம்' பாலித்தீவு கங்சா வாத்தியங்களோடு வேறு எங்கோ போய்விடும். வரிசையாகக் கேளுங்கள், ஒரே குழுவா என்று சந்தேகம் வரும்.

காது விஷயத்தில் மட்டும் கொசோங் சொல்வது சரி. 100 டெசிபெலில் கால் மணி நேரம்தான் பாதுகாப்பு. காது அடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். எனக்கு இடது காதில் இன்றும் ஒரு கொசு பாடுகிறது.

ஈசூன்_வாசி:
நன்றி அண்ணே, அக்கா. 'டர்ஜ்' இன்று ரயிலில் கேட்டேன், அங் மோ கியோ தாண்டும்போது நெற்றி வியர்த்துவிட்டது, பக்கத்தில் இருந்த ஆன்டி எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். காது அடைப்பான் இரண்டு ஜோடி வாங்கினேன். இரண்டாவது யாருக்கு என்று மனைவி கேட்டாள், இன்னும் பதில் சொல்லவில்லை.