அண்ணன் கல்யாணம் துண்டு துண்டாக வந்த கதை

மஞ்சக்குப்பம், கடலூர்

அண்ணன் கல்யாணம் 2007-இல், திருவந்திபுரத்தில். முகூர்த்த நாளில் அந்தக் கோயில் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், ஒரே நேரத்தில் நாலைந்து ஜோடிக்குத் தாலி ஏறும். வீடியோக்காரர்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் நின்று எடுப்பார்கள். எங்களுக்கு மூன்று டிவிடி கொடுத்தார்கள்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் மாடி அறையின் சிமெண்ட் ஷீட் பறந்துபோய், பீரோ மேலே இருந்த டிஸ்க் பெட்டி முழுக்க நனைந்தது. உறையோடு ஒட்டிக்கொண்ட டிஸ்க்கைப் பிரித்தால் மேல்பூச்சும் உரிந்து வந்தது. நல்லவேளை, மச்சான் அதற்கு முந்தைய வருடமே எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ ஃபைலாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தார். டிஸ்க்கில் இருப்பதை அச்சு அசலாக ஒரே ஃபைலில் அடைப்பதுதான் ஐஎஸ்ஓ. ஒவ்வொன்றும் நாலு ஜிபிக்கு மேல்.

அம்மாவுக்கு அதை டிவியில் பார்க்க வேண்டும். பென்டிரைவில் போட்டுச் செருகினால் டிவிக்கு அது என்ன ஃபைல் என்றே தெரியவில்லை. கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயர் ஐஎஸ்ஓவை நேராகவே ஓட்டிவிடும். ஆனால் அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டார். கடையில் கொடுத்தேன், எம்பி4 ஆக்கிக் கொடுத்தார்கள்.

ஓடியது. கெட்டிமேளம் கொட்டுகிறது, அண்ணன் குனிகிறார், படம் நின்றுவிட்டது.

"டேய், தாலி கட்டுறது எங்கடா?"

அடுத்த ஃபைலில் இருந்தது. டிவிடிக்குள் வீடியோ விஓபி என்ற ஃபைல்களாக இருக்கும். ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதி. தாண்டும் இடத்தில் வெட்டி அடுத்த ஃபைல் ஆரம்பிக்கும். அங்கே தாலி கட்டுகிறார்களா, பந்தியில் பாயசம் ஊற்றுகிறார்களா என்று அது பார்க்காது. டிவிடியாக ஓட்டும்போது இந்த வெட்டு கண்ணுக்கே தெரியாது. கடைக்காரர் ஒவ்வொரு விஓபியையும் தனித்தனியாக மாற்றிவிட்டதால் கல்யாணம் துண்டு துண்டாகிவிட்டது.

சரி, நாமே பார்ப்போம் என்று ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளை இறக்கினேன். ஐஎஸ்ஓவை அப்படியே அதில் திறக்கலாம். உள்ளே இருக்கும் டைட்டில்களை, அதாவது தனித்தனி வீடியோக்களை, நேரத்தோடு காட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது எதுவோ அதுதான் நம் ஆள். வெட்டில்லாமல் ஒரே எம்பி4 வந்தது.

முதல் தடவை இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, 1080-க்குப் பெரிதாக்கினேன். நம் ஊர் டிவிடி 720-க்கு 576 புள்ளிதான். பெரிதாக்கினால் ஃபைல்தான் பெருத்தது, அண்ணி முகம் தெளியவில்லை. இன்னொன்று, யாராவது வேகமாகத் திரும்பினால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. ஒரு ஃபிரேமை ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்து எடுத்த பழைய முறையின் மிச்சம் அது. டீஇன்டர்லேஸ் ஃபில்டரைப் போட்டதும் போய்விட்டது. ஹேண்ட்பிரேக்கில் தர எண்ணை 20-இல் வைத்து மூன்று டிஸ்க்கையும் ஒரே ராத்திரியில் முடித்தேன்.

அப்புறம் ஒரு விஷயம். முழுசாக ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கெட்டிமேளம் எங்களுடையதே இல்லை, பக்கத்து ஜோடியுடையது. பதினேழு வருடமாக யாரும் கவனிக்கவில்லை.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மஞ்சக்குப்பத்துக்காரரே, உங்கள் கல்யாணக் கதை படித்தேன். உங்களுக்கு டிவிடி. எங்களுக்கு அதற்கும் முந்தைய விசிடி, தங்கையின் மஞ்சள் நீராட்டு விழா, 2001. அதையும் ஐஎஸ்ஓவாகத்தான் எடுத்து வைத்திருந்தேன், திறந்தால் ஒன்றுமே ஓடவில்லை. விசிடியில் படம் இருக்கும் பகுதி சாதாரண டேட்டா சிடி மாதிரி எழுதப்படுவதில்லை. ஒரு செக்டருக்கு, அதாவது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டுக்கு, 2048 பைட் என்ற கணக்கில் எடுக்கும் ஐஎஸ்ஓவில் அது முழுசாக அடங்காது. பின் (BIN), கியூ (CUE) என்ற ஜோடி ஃபைலாக எடுத்திருக்க வேண்டும். பத்து வருடம் ஒரு செத்த ஃபைலைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன்! அத்தை வீட்டுப் பரணில் டிஸ்க்கின் இன்னொரு பிரதி இருந்ததால் பிழைத்தோம். அதற்குள் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் இருக்கும் டாட் (DAT) ஃபைலை விஎல்சி அப்படியே ஓட்டியது. படம் 352-க்கு 288 தான், பெரிய டிவியில் பார்த்தால் தபால்தலையை இழுத்து ஒட்டின மாதிரி.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரான்சில் பதிவான ஒரு விஎச்எஸ் கேசட்டை இங்கே கடையில் டிவிடி ஆக்கினோம். கறுப்பு வெள்ளையில் வந்தது. பழைய கேமரா போல என்று விட்டுவிட்டோம். போன வருடம் ஐஎஸ்ஓவை மாற்றும்போது, எதையாவது தட்டினால் கலர் வருமா என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். வராது. டிவியில் கலர் அனுப்பும் முறை பிரான்சில் அப்போது செகாம் (SECAM), இங்கே பால் (PAL). பால் மட்டும் தெரிந்த விசிஆரில் செகாம் கேசட்டைப் போட்டால் கலர் வராது. டிஸ்க்கிலேயே கலர் இல்லாதபோது ஹேண்ட்பிரேக் என்ன செய்யும்? கேசட் பெரியம்மாவிடம் இருக்கிறது. செகாம் ஓட்டும் விசிஆர்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

மாற்றிய பிறகு படம் ஓடி, சத்தம் வராதவர்களுக்கு: டிவிடியின் ஏசி-3 ஒலியை அப்படியே எம்பி4-க்குள் விட்டிருப்பீர்கள். எங்கள் டிவி அதை எடுக்கவில்லை, ஏஏசி என்ற ஒலி வகைக்கு மாற்றியதும் நாதஸ்வரம் கேட்டது.

மஞ்சக்குப்பம், கடலூர்

இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. மாற்றி முடித்ததும் இடம் அடைக்கிறதே என்று ஐஎஸ்ஓக்களை அழிக்கப் போனேன். அம்மா, "தாத்தா பன்னீர் தெளிப்பாரே, அது எங்கே?" என்றார். மூன்று எம்பி4-லும் தேடிவிட்டேன், இல்லை. விஎல்சியில் ஐஎஸ்ஓவைத் திறந்தால் முதல் மெனுவிலேயே, இதய வடிவப் பட்டனுக்குப் பின்னால் தாத்தா நிற்கிறார். வீடியோக்காரர் அந்தக் காட்சியை மெனுவுக்கு மட்டும் வைத்திருக்கிறார். ஹேண்ட்பிரேக் மெனுவை டைட்டிலாகவே எண்ணாது. ஐஎஸ்ஓவை விண்டோஸில் டபுள் கிளிக் செய்தால் தனி டிரைவாகத் திறக்கும். உள்ளே 0 என்று முடியும் சின்ன விஓபியில் அது இருந்தது. இருபது வினாடி. அதைத் தனியாக மாற்றிப் பென்டிரைவில் முதல் ஃபைலாகப் போட்டிருக்கிறேன். ஐஎஸ்ஓக்களுக்கு இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கியாகிவிட்டது.