மக்காச்சோளம், சோயா விலை திரும்பிய நாட்கள்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

தீவனக் கொள்முதல்

மக்காச்சோளமும் சோயாவும் இனி எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். எனக்கு அந்த விலை வேண்டாம். மார்க்கெட் திரும்பிய ஒரு நாளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், அன்று அதைத் திருப்பியது எது என்று எழுதினால் எல்லோருக்கும் பயன்படும். முதலில் நானே எழுதுகிறேன்.

2019 வசந்தத்தில் அமெரிக்க மக்காச்சோள மாநிலங்களில் மழை விடவே இல்லை. விதைப்பு ஜூன் வரை இழுத்தது. விதைக்காமல் விட்ட நிலம் எவ்வளவு என்பதுதான் எல்லோர் வாயிலும். ஜூன் நடுவில் சிகாகோ ஃபியூச்சர்ஸ் சந்தையில் டிசம்பர் மாத ஒப்பந்தம் (டிசம்பரில் கொடுக்கும் சரக்குக்கு இப்போதே பேசும் விலை) புஷலுக்கு 4.70 டாலர் வரை போனது. ஒரு புஷல் மக்காச்சோளம் ஏறத்தாழ 25.4 கிலோ. விலை இன்னும் ஏறும் என்று நினைக்காதவர்களே அப்போது குறைவு.

ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்க வேளாண் துறையின் மாதாந்திர அறிக்கை, வாஷிங்டன் நேரம் பகல் 12 மணிக்கு வந்தது. பரப்பு 88 மில்லியன் ஏக்கர் அளவில் இருக்கும் என்பது வர்த்தகர்களின் கணிப்பு. அறிக்கை 90 மில்லியன் என்றது. ஏக்கருக்கு 169.5 புஷல் என்ற விளைச்சலும் எதிர்பார்த்ததைவிட அதிகம். திரையில் விற்கும் பக்கம் எண்கள் அடுக்கடுக்காக நின்றன, வாங்கும் பக்கம் காலி. 25 சென்ட் இறங்கி லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரே நாளில் இறங்க அனுமதி உள்ள கடைசி அளவில், பூட்டிக்கொண்டது. அப்புறம் விற்க நினைத்தவர்களால் விற்கவே முடியவில்லை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஜூன் கடைசி அறிக்கையில் அதே பரப்பு 91.7 மில்லியன் என்று இருந்தது. அதோடு ஒப்பிட்டால் 90 குறைவுதான். பரப்பும் குறைந்தது, விலையும் விழுந்தது! மார்க்கெட் அதைவிடப் பெரிய குறைவை முன்கூட்டியே விலையில் ஏற்றி வைத்திருந்ததுதான் காரணம். அன்றிலிருந்து அறிக்கைக்கு முன்பே வர்த்தகர்களின் சராசரிக் கணிப்பைக் குறித்து வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

புரோக்கர் மேஜை

நீங்கள் சொன்னதற்கு நேர் எதிரான நாள் 2021 ஜனவரி 12. அறுவடை முடிந்து மாதக்கணக்கு ஆகிவிட்டது, இனி விளைச்சலில் என்ன புதிதாக வந்துவிடும் என்று பலர் அசட்டையாக இருந்தார்கள். ஆனால் அமெரிக்க வேளாண் துறை முந்தைய பருவத்து விளைச்சலை 175.8 புஷலில் இருந்து 172 ஆகக் குறைத்தது. ஆண்டு இறுதிக் கையிருப்பு 1.7 பில்லியன் புஷலில் இருந்து 1.55 பில்லியனுக்கு வந்தது. அன்று 25 சென்ட் ஏறி அப்பர் சர்க்யூட். என் மேஜையில் போன் ஓயவில்லை. "இந்த விலைக்கு ஒரு லாட்டாவது பிடித்துக் கொடுங்கள்" என்று கேட்டவர்களுக்கு விற்பவரே இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது.

விளைச்சலில் நான்கு புஷல்கூடக் குறையவில்லை. கையிருப்பு தாராளமாக இருக்கும் வருடத்தில் அது ஒரு நாள் செய்தி, அவ்வளவுதான். 2020-21இல் சீனா அமெரிக்க மக்காச்சோளத்தை வழக்கத்துக்கு மீறி வாங்கிக்கொண்டிருந்தது, கையிருப்பு மெலிந்துகொண்டே வந்தது. அதனால்தான் அந்தத் துள்ளல். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது மொத்தப் பயன்பாட்டில் கையிருப்பு எத்தனை சதவீதம் என்பதைத்தான். விலைக் கணிப்பெல்லாம் அதற்குப் பிறகு.

எண்ணெய் ஆலை

மக்காச்சோளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், சோயா வேறு கதை. சோயாவை யாரும் சோயாவாக உபயோகிப்பதில்லை என்றே சொல்லலாம். பெரும்பகுதி ஆலைக்குப் போய்ப் புண்ணாக்காகவும் எண்ணெயாகவும் பிரிகிறது. 60 பவுண்டு கொண்ட ஒரு புஷலை அரைத்தால் சுமார் 44 பவுண்டு புண்ணாக்கு, 11 பவுண்டு எண்ணெய். எடையில் புண்ணாக்கு நான்கு மடங்கு. ஆனால் விலையை யார் இழுக்கிறார்கள் என்பது வருடத்துக்கு வருடம் மாறும்.

2023இல் இழுத்தது புண்ணாக்கு. அர்ஜென்டினாவில் கடும் வறட்சி, சோயா விளைச்சல் 25 மில்லியன் டன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. முந்தைய வருடம் 40 மில்லியனுக்கு மேல். உலகத்துக்கு அதிகமாகப் புண்ணாக்கு ஏற்றுமதி செய்யும் நாடு அது. சரக்கு எங்கே கிடைக்கும் என்று கப்பல் கப்பலாகத் தேட வேண்டியிருந்தது.

2025 ஜூன் 13 அன்று நிலைமை தலைகீழ். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சோயா எண்ணெயில் இருந்தும் தயாராகும் பயோடீசலின் அடுத்த ஆண்டுகளுக்கான கலப்பு அளவை எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக முன்மொழிந்தது. சோயா எண்ணெய் அன்று அப்பர் சர்க்யூட். புண்ணாக்கு அந்த ஏற்றத்தில் சேரவில்லை. எண்ணெய்க்காக ஆலைகள் அதிகம் அரைக்க அரைக்கப் புண்ணாக்கும் கூடவே வந்து குவியும். அதை யாராவது தின்றாக வேண்டும். அந்தக் கோடையில் புண்ணாக்கு விலை ஷார்ட் டன்னுக்கு (சுமார் 907 கிலோ) 300 டாலருக்குக் கீழே இறங்கியது. எனவே சோயா ஏறுமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது: நீங்கள் வாங்குவது எண்ணெயா, புண்ணாக்கா?

கப்பல் சரக்கு

சிகாகோ விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுபவர்களுக்கு 2018ஐ நினைவுபடுத்துகிறேன். ஜூலை 6 முதல் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. சிகாகோவில் விலை சரிந்துகொண்டிருந்தது, பிரேசில் துறைமுகங்களிலோ சிகாகோவுக்கு மேல் கேட்கும் பிரீமியம் ஏறிக்கொண்டே போய்ப் புஷலுக்கு 2 டாலரைத் தாண்டியது. "உலக மார்க்கெட்டில் சோயா விழுந்துவிட்டதாமே, எங்களுக்கு மட்டும் ஏன் குறையவில்லை?" என்று வாங்குபவர்கள் கோபமாகக் கேட்டார்கள். கோபம் நியாயம்தான். திரையில் இறங்கியது அமெரிக்கச் சோயா. அவர்களுக்குக் கப்பலில் ஏறியது பிரேசில் சோயா.

இன்று பிரேசில் வருடத்துக்கு 17 கோடி டன் அளவில் சோயா விளைவிக்கிறது, அமெரிக்காவைவிட வெகு அதிகம். விலைக் கணிப்பு எழுதுபவர்களில் பாதிப் பேர் இன்னும் பிரேசிலின் பரனாகுவா துறைமுகப் பிரீமியத்தை அடிக்குறிப்பில் தள்ளுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவே இல்லை.

வயல் பார்வை

நான் வர்த்தகர் இல்லை, பயிர் நிலை பார்த்து எழுதும் வேலை. 2012 ஜூலையில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு மக்காச்சோள வயலில் நின்றேன். அந்த வருடம் விதைப்பு சீக்கிரமே முடிந்திருந்தது, பரப்பும் பல பத்தாண்டுகளில் இல்லாத அளவு. மே மாத மதிப்பீடு ஏக்கருக்கு 166 புஷல். வயலுக்குள் நான்கு வரிசை தள்ளிப் போய் ஒரு கதிரின் மட்டையை உரித்தேன். பட்டு நூல்கள் பொரிந்து கையோடு வந்தன. மணிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தன, நுனியில் வெறும் தக்கை. மகரந்தம் சேரும் நாட்களில் வெயில் கொளுத்தினால் அப்புறம் எவ்வளவு மழை பெய்தும் அந்த மணி திரும்ப வராது. கடைசியில் விளைச்சல் 123 புஷல்தான். ஆகஸ்டில் விலை 8 டாலரைத் தாண்டியது.

சோயா அப்படி இல்லை. ஜூலை வெயிலைப் பொறுத்துக்கொண்டு ஆகஸ்ட் மழையில் காய் பிடித்துவிடும். அதனால் ஜூலையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலைக் கணிப்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

புரோக்கர் மேஜை

2012ஐச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். அந்த வெயில் வந்தபோது கையிருப்பு ஏற்கெனவே மெலிந்திருந்தது. 2025இல் அமெரிக்க மக்காச்சோள அறுவடை 16 பில்லியன் புஷலைத் தாண்டிச் சாதனை அளவுக்குப் போனது. இப்படிக் கையிருப்பு பெருத்திருக்கும் காலத்தில் வறட்சிச் செய்தி வந்தால் விலை ஏறும், ஆனால் அதை விற்பதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்பவர்களும் உடனே வந்துவிடுவார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, ஃபண்டுகள் (பெரிய முதலீட்டு நிதிகள்) பெரிய ஷார்ட்டில், அதாவது விலை இறங்கும் என்று முன்கூட்டியே விற்று வைத்து, இருக்கும்போது. வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தகர் நிலவர அறிக்கையில் அது தெரிந்துவிடும். 2024இல் மக்காச்சோளத்தில் அவர்களின் ஷார்ட் சாதனை அளவுக்குப் போயிருந்தது. அந்த மாதிரி நேரத்தில் சின்னச் செய்திக்கே எல்லோரும் விற்றதைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரே வாசலில் வெளியே ஓடப் பார்ப்பார்கள்.

தீவனக் கொள்முதல்

பிரேசிலின் இரண்டாம் போக மக்காச்சோளத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அந்த நாட்டு மக்காச்சோளத்தில் முக்கால் பங்கு அதில்தான் வருகிறது. சோயா அறுவடை தள்ளிப்போனால் அந்த விதைப்பும் தள்ளிப்போய், மழை நிற்கும் மாதங்களில் கதிர் பிடிக்கிறது என்று படிக்கிறேன். அங்குள்ள மாட்டோ குரோசோ மாநிலத்தில் அப்படி ஒரு பருவத்தைக் கண்டவர்கள் எழுதுங்கள். ஜூலைக்கு மேல் எங்கிருந்து வாங்குவது என்பதை நாங்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.