சாப்பாட்டோட தேத்தண்ணி: 64 சதவீதமும் "உயர்தர ஆதாரமும்"

பதுளைவண்டி: "சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சா இரத்தச்சோகை வரும், உயர்தர ஆதாரம் இருக்கு"ன்னு நேற்று ஒரு படம் சுத்துச்சு. 64 சதவீதம்னு சிவப்புல கொட்டை எழுத்து வேற. யாருங்க இந்தத் தரம் போட்டது?

கொழுந்துக்கூடை: போட்டது நான்தான். 1983, மோர்க், லிஞ்ச், குக் செஞ்ச ஆய்வு. தேத்தண்ணியோட சாப்பிட்டப்போ உடம்பு எடுத்துக்கிற இரும்பு 64 சதவீதம் குறைஞ்சுது. கோப்பிக்கு 39. அளந்த கணக்கு.

லிந்துலை மாஸ்டர்: எந்தச் சாப்பாட்டுல அளந்தாங்க? ஹம்பர்கர்ல. அதுவும் ஒரு வேளை! ஆதாரத்தோட உறுதியைத் தரம்பிரிக்கிற கிரேட் (GRADE) முறையில, ஆட்களைக் குலுக்கல்ல கூட்டங்களாப் பிரிச்ச ஆய்வு மேல்படியில தொடங்கும், அவதானிப்பு ஆய்வு கீழ்ப்படியில. பிறகு அஞ்சு காரணத்துக்கு இறக்குவாங்க: ஆய்வுல பக்கச்சார்பு, முடிவுகள் ஒத்துவராதது, மறைமுகம், துல்லியக்குறைவு, வெளியிடாம அமுக்கினது. உங்க படம் சொல்றது சோகை. அவங்க அளந்தது உறிஞ்சல். ஹீமோகுளோபின் எங்க? உடம்புல இரும்பு இருப்பைக் காட்டுற பெரிட்டின் எங்க? மறைமுகம். ரெண்டு படி இறக்கணும்.

கொழுந்துக்கூடை: ஹம்பர்கர் பிடிக்கலன்னா 1975 ஆய்வைப் பாருங்க சேர். பாண், சோறு, உருளைக்கிழங்கு வெங்காய சூப். எல்லாத்துலயும் குறைஞ்சுது, விட்டமின் சி சேர்த்தும் தப்பல. லயத்துச் சாப்பாட்டுக்கு இதைவிடக் கிட்ட என்ன வேணும்?

லிந்துலை மாஸ்டர்: சாப்பாடு கிட்ட வந்திருச்சு. நோய் வரலயே. மறைமுகம்.

இராகலைமல்லிகை: பால் ஊத்தினா சரியாகிடும்னு சொல்றாங்களே அக்கா?

கொழுந்துக்கூடை: இல்ல தங்கச்சி. ஹரெல் குழு 1999ல பார்த்தாங்க, பாலால பெரிசா வித்தியாசமில்ல. தேயிலையில இருக்கிற பொலிபீனோல்ங்கிற துவர்ப்புப் பொருள் குடல்ல இரும்பைப் பிடிச்சு, கரையாத சேர்வையாக்கிடுது.

பதுளைவண்டி: பால்மா விக்கிற விலைக்கு இது நல்ல சேதிதான். பிளேன்டீயே போதும்.

லிந்துலை மாஸ்டர்: பாலுக்குத் தாவாதீங்க. ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்கன்னு அதே படத்துல இருக்கே, அந்த 2017 பிரித்தானிய ஆய்வுல எத்தனை பேர்? 12 பொம்பளைங்க. கஞ்சி குடிச்சவங்க. துல்லியக்குறைவு, இன்னொரு படி. தோட்டத்துல கொக்கிப்புழு ஒரு பக்கம் இரத்தத்தை உறிஞ்சுது, மாதவிடாய், பிரசவம்னு இழப்பு இன்னொரு பக்கம். இதையெல்லாம் பிரிக்காம எண்ணினா பழி தேத்தண்ணி தலையில.

கொழுந்துக்கூடை: கொக்கிப்புழு இல்லன்னு நான் எப்ப சொன்னேன்? முன்ன மரவள்ளி பத்தி வாதாடினப்பவும் இதே வேலைதான் பண்ணீங்க. ரெண்டு வருஷம் வேணும்னே சோத்தோட பிளேன்டீ ஊத்திவிட்டு, சோகை வருதான்னு பார்க்க எந்த நெறிமுறைக் குழு விடும்? உங்க தராசுல போஷாக்குத் துறையே தேறாது. அதுக்குத்தானே 2016ல போஷாக்கு ஆய்வுக்குன்னே நியூட்ரிகிரேட்ங்கிற தரம்பிரிப்பு முறை வந்துச்சு, 10 புள்ளிக்கு.

லிந்துலை மாஸ்டர்: அதுலயும் நேரடித்தன்மைக்குப் புள்ளி உண்டு. படிச்சீங்களா, பெயரை மட்டும் பார்த்தீங்களா? யார் காசு குடுத்தாங்கன்னு கூட அதுல கேக்குது.

பதுளைவண்டி: தேயிலைக்காரங்க காசுன்னா இன்னும் ருசியா இருக்கும்.

இராகலைமல்லிகை: உறுதி குறைவுன்னா பொய்னு அர்த்தமில்லையே சேர்? இரும்பு மாத்திரையை பிளேன்டீ ஊத்தி முழுங்குறவங்களுக்கு என்ன சொல்றது?

லிந்துலை மாஸ்டர்: மாத்திரை வேற கேள்வி. தண்ணியில முழுங்கச் சொல்லுங்க. இங்க பேச்சு 64.

கொழுந்துக்கூடை: 64 தப்பா?

லிந்துலை மாஸ்டர்: 64 சரி. "சோகை வரும்"கிறது மறைமுகம்.

கொழுந்துக்கூடை: அப்ப படம் இருக்கட்டும்.

லிந்துலை மாஸ்டர்: "உயர்தர"ங்கிற சொல்லை எடுங்க.

கொழுந்துக்கூடை: எடுக்க மாட்டேன்.