வெள்ளத் தண்ணீர், ஐஸ் தண்ணீர், குழாய்த் தண்ணீர்: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

ஜெலுத்தோங் அக்கா

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் கால்வாய் நிரம்பினால் வீட்டுக்குள் தண்ணீர் வர அதிக நேரம் ஆகாது. அதனால் கேட்கிறேன்: தண்ணீரால் வந்த நோயைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள், அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதுங்கள். முதலில் என் மாமா கதை.

2017 நவம்பர் 4 இரவு பெய்த மழையைப் பினாங்குக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மாமா வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் அவரும் பையன்களும் வெறுங்காலோடு சேற்றை வாரித் தள்ளினார்கள். மாமாவுக்குக் குதிகாலில் பித்தவெடிப்பு உண்டு. ஒரு வாரம் தாண்டியதும் அவருக்குக் குளிர்காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி. கிளினிக்கில் டிங்கியாக இருக்கலாம் என்று இரத்தம் எடுத்தார்கள். டிங்கி இல்லை என்று வந்தது, ஆனால் காய்ச்சல் விடவில்லை.

அத்தை இரண்டு விஷயங்களைக் கவனித்து வைத்திருந்தார். மாமாவின் கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே துடித்துப்போனார். கழிப்பறைக்குக்கூட சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன, ஆனால் பீளை கிடையாது. அப்புறம் கண்ணில் மஞ்சள் தெரிய ஆரம்பித்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் வெள்ளம் ஏறியதா ஐயா?" அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. எலிச் சிறுநீர்க் காய்ச்சல்தான். சிறுநீரகம் வரை பாதித்திருந்தது. மாமா பிழைத்து வந்தார், இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்.

எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குடித்தால்தான் வரும் என்று இல்லை. வெடிப்பு, சிராய்ப்பு, கண், மூக்கு எதன் வழியாகவும் ஏறிவிடும். நம் ஊரில் காய்ச்சல் என்றாலே டிங்கி ஞாபகம்தான் வரும், அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் கால் எந்தத் தண்ணீரில் நனைந்தது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

செந்தூல் தம்பி

அக்கா, கே.எல்.-இல் வெள்ளம் சில மணி நேரத்தில் வந்து வடிந்துவிடும். அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. மோட்டாரை உருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றினால் முடிந்தது என்று நினைக்கிறோம்.

எனக்குத் தெரிந்த கதை அருவியில் நடந்தது. நாங்கள் நண்பர்கள் சேர்ந்து உலு லங்காட் பக்கம் குளிக்கப் போவோம். ஒருமுறை கூட வந்த ஒருவனுக்குப் பாறையில் முழங்கால் தேய்ந்துவிட்டது. அதோடு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தான். பிறகு காய்ச்சல் வந்தபோது, எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கப் போன கிளினிக்கில் அருவிக்குப் போனதை அவனே சொன்னான். டாக்டர் இரத்தம் எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று டாக்சிசைக்ளின் மாத்திரையை அன்றைக்கே தொடங்கிவிட்டார். வார்டு பக்கம் போகாமலே குணமானான்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் சுத்தம் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2010-இல் பகாங், லூபுக் யூவில் தண்ணீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்கள் பலருக்கு நோய் கண்டது. எலிச் சிறுநீர்க் காய்ச்சலும், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் இன்னொரு கிருமியால் வரும் மெலியாய்டோசிஸும். உயிர்கள் போயின. உதவப் போனவர்களுக்கு இப்படி ஆனது எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் எலிச் சிறுநீர்க் காய்ச்சலை டாக்டர்கள் கட்டாயம் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள்.

ஓய்வுபெற்ற தாதி, கோலாலம்பூர்

தம்பி சொன்ன டாக்டருக்கு என் வணக்கம். அந்த மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். இரத்தத்தில் அடையாளம் தெரியவே ஒரு வாரம் போல ஆகலாம்.

நான் சொல்ல வந்தது குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி. வார்டில் இருந்த காலம் முழுக்க ஒரே காட்சியைப் பார்த்திருக்கிறேன்: துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய், "எத்தனை தடவை போச்சுன்னு எண்ணிட்டு இருந்தேன் மிஸ்ஸி" என்பார். எத்தனை தடவை போனது என்பதைவிட, பிள்ளை எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அழுதால் கண்ணீர் வருகிறதா? பேம்பர்ஸ் ஆறு மணி நேரமாகக் காய்ந்தே கிடக்கிறதா? கண் குழி விழுந்திருக்கிறதா? வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குப் போகிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். கஞ்சித் தண்ணீர் போல நிற்காமல் போனால் காலராவாக இருக்கலாம். பெரியவர்களையே சில மணி நேரத்தில் சாய்த்துவிடும்.

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கிடைக்கிறது, விலையும் குறைவு. கையில் இல்லையா? ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தவறக் கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்; வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். ஹண்ட்ரட் பிளஸ் பானம் இதற்கு ஈடாகாது, அதில் சீனி அதிகம், உப்பு குறைவு. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

தண்ணீர்மலைப் பந்தல் தொண்டர்

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும் வழியெல்லாம் பந்தல். வெயிலில் காவடி எடுத்து வருகிறவருக்கு ஒரு குவளை மோர் கொடுப்பது எவ்வளவு பெரிய புண்ணியமோ, அது சுத்தமாக இருப்பது அவ்வளவு பெரிய பொறுப்பு. நான் இதில் பல வருடமாக நிற்கிறேன்.

ஆபத்து பெரும்பாலும் ஐஸில்தான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி எடுத்து வருவார்கள். அதிலே போடும் ஐஸ், லாரியிலிருந்து இறங்கி, ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) கிடந்து, கோணியில் உடைபட்டு, எவர் கையிலோ அள்ளிப் போடப்படும். கொதிக்க வைத்த வேலை அத்தனையும் வீண். குளிரில் கிருமி செத்துவிடும் என்று பெரியவர்களே சொல்கிறார்கள். சாகாது, உருகியதும் மறுபடி வேலையைத் தொடங்கும். மீனுக்குப் போடும் கட்டி ஐஸ் குடிப்பதற்கு உரியதே அல்ல. முத்திரை பிரிக்காத பையில் வரும் ஓட்டை ஐஸ்தான் (நடுவில் துளை உள்ள ஐஸ்) எங்கள் பந்தலில் வாங்குவோம். அதையும் பானத்துக்குள் போடாமல் டிரம்மைச் சுற்றி அடுக்குவோம். அடியில் குழாய் வைத்த டிரம், அதனால் யாரும் உள்ளே குவளையை முக்க முடியாது.

சாப்பாட்டுக் கடை வேலையாட்கள் டைபாய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். எங்கள் தொண்டர்களும் போட்டுக்கொள்கிறோம். ஒரு முறை போட்டால் மூன்று வருடம். டைபாய்டு குணமான பிறகும் சிலர் உடம்பில் கிருமி தங்கிவிடும். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் கலக்கும் பானகம் மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கும். நாளுக்கு நாள் ஏறும் காய்ச்சல், வயிற்றுவலி, சில பேருக்குப் போக்குக்குப் பதிலாக மலச்சிக்கல் என்று இருந்தால், பனடோல் போட்டுப் பந்தலுக்கு வராதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

பிறைவாசி

2024 ஜனவரியில் இங்கே தண்ணீர் நின்று திரும்பி வந்தபோது, முதலில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் வந்தது. வாசலில் ஃபில்டர் இருக்கிறதே, அப்படியே குடிக்கலாமா?

ஓய்வுபெற்ற தாதி, கோலாலம்பூர்

கூடாது தம்பி. வாசல் ஃபில்டர் மண்ணையும் துருவையும்தான் பிடிக்கும். கரி போட்ட ஃபில்டர் குளோரினையும் எடுத்துவிடும், பிறகு தேங்கும் தண்ணீரில் கிருமி வளரத் தடையே இல்லை. நிறம் தெளியும்வரை குழாயைத் திறந்து விடுங்கள், ஃபில்டரைக் கழுவுங்கள், குடிப்பதை மட்டும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா

மிஸ்ஸி, இன்னொரு சந்தேகம். வெள்ளத்தில் நனைந்த சாப்பாட்டுப் பொருளை என்ன செய்வது? பிரிக்காத பால்மாவு டின்னைத் தூக்கிப் போட மனசு வரவில்லை என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தாதி, கோலாலம்பூர்

பிளாஸ்டிக் மூடி போட்டது, திருகு மூடி, அட்டைப் பெட்டி எல்லாம் குப்பைக்கு. மூடி இடுக்கில் வெள்ளத் தண்ணீர் நிற்கும். பால்மாவும் அதில் சேர்ந்ததுதான், குழந்தை விஷயத்தில் கணக்குப் பார்க்காதீர்கள். பால் புட்டியின் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். நசுங்காத, துருப்பிடிக்காத சார்டின் டின் மாதிரி முழுத் தகர டின்களை வைத்துக்கொள்ளலாம். காகிதத்தை உரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனை இல்லாத குளோராக்ஸ் (பிளீச்) கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். உரித்ததும் காலாவதித் தேதியை டின்மேல் எழுதி வையுங்கள். கையுறையும் பூட்சும் போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள்.